மூடாத வாளி

மயிலாப்பூர்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஷரஃபுதீனின் ஸலாம். இங்கே நான், ஜமீலா, தபஸ்ஸும் மூவரும் அல்லாஹ் கிருபையால் சுகம். வாணியம்பாடி வெயிலில் உங்கள் தலைசுற்றல் அதிகமாகிவிடவில்லையே? வாஜித்தும் மருமகள் ரூஹியும் எப்படி இருக்கிறார்கள்?

போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் காதுக்காக வாஜித் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் இங்கே இருமினால் அங்கே வீடே சேர்ந்து "என்ன மாமா, சளியா?" என்று கேட்கிறது. இது உங்களிடம் மட்டும் கேட்க வேண்டிய விஷயம்.

மச்சானின் மீன்தொட்டியைப் பற்றித்தான். போன வாரம் அடையாறில் ஒரு டாக்டர் வீட்டுக்குக் கண்ணாடிக் கதவு மாட்டப் போனேன். ஹாலில் கடல் தொட்டி வைத்திருக்கிறார். நீல விளக்கு, பவளக்கல், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். முப்பது வருஷமாக மேற்கு மாம்பலம் கடையில் கண்ணாடி அறுத்து ஊருக்கெல்லாம் தொட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். என் வீட்டு ஹாலில் என்ன இருக்கிறது? சுல்தான் இருக்கிறான். மச்சான் பத்து வருஷம் வளர்த்த ஆஸ்கார் மீன், எனக்கும் செல்லம்தான். ஆனால் கொஞ்ச நாள் முன்பு மகள் தபஸ்ஸுமைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், வாய் நிறையக் கல்லை எடுத்து எடுத்துக் கண்ணாடி மேல் துப்பிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நல்ல தண்ணீர் தொட்டி என்றால் தொல்லை இல்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றினால் போதும். உப்புத் தண்ணீர் என்றால் தினமும் உப்பை அளக்க வேண்டும், சூட்டைப் பார்க்க வேண்டும், ஒரு நாள் அசந்தால் மீன் போய்விடும். ஆனால் அந்த அழகு வேறு அக்கா. தொட்டி மச்சானுடையது, அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஷரஃபுதீன்


வாணியம்பாடி
26.7.2024

வ அலைக்கும் ஸலாம் தம்பி. தலைசுற்றலும் இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேரும் அனுசரித்துப் போகிறோம். வாஜித்துக்குத் தோல் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். மற்றபடி எல்லாரும் நலம்.

சம்பந்தியம்மாவுக்காக மீனை மாற்றுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். நாளைக்கு அந்த அம்மாளுக்கு ஜமீலா முகம் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வாய்?

தொட்டி வெறும் கண்ணாடி. நீ அதில் கடலை ஊற்று, காவிரியை ஊற்று, எனக்கு ஒன்றுமில்லை. சுல்தானுக்கு முதலில் ஓர் இடம் பண்ணு. மீன் கடைக்குக் கொடுத்துவிடாதே. உன் மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடைசி நாலு நாளும் யாருடனும் பேசவில்லை, உனக்கே தெரியும். தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவன் வந்து விரலில் வாயை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். அவர் மௌத்தான பிறகு மூன்று மாதம் யார் கைக்கும் வரவில்லை, என் கைக்கும் வரவில்லை. அப்புறம் உன் கைக்குத்தான் வந்தான். அதனால்தான் உன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ஜமீலாவுக்கும் தபஸ்ஸுமுக்கும் என் ஸலாம். உன் சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

அக்கா,
உம்மே ஹானி


மயிலாப்பூர்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். எல்லாரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஜமீலா கையால் செய்த பாதாம் அல்வாவை எவ்வளவு தின்கிறேன் என்பதை அவளிடம் கேட்காதீர்கள்.

கடல் வந்துவிட்டது அக்கா! டாக்டர் வீட்டில் உப்புப் பொடி வாங்கிக் கலக்குகிறார்கள். நமக்கு எதற்கு? நொச்சிக்குப்பம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காலையில் எட்டு கேன் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த சொர்ணம் என்கிற அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இன்னா பாய், கடலையே வூட்டுக்கு இட்டுக்கினு போறியா? எங்களுக்குக் கொஞ்சம் வுட்டுட்டுப் போ" என்றது. அதன் பையன் படகில் உள்ளே போய்த் தெளிந்த தண்ணீராகப் பிடித்து வந்து கொடுத்தான். நாலு மீன் விட்டிருக்கிறேன். விளக்கைப் போட்டால் தெருவில் போகிறவர்கள் ஜன்னலில் நின்று பார்க்கிறார்கள்.

சுல்தானைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நல்ல இடமாகப் பார்த்து விட்டிருக்கிறேன். நம் தொட்டியைப் போல நாற்பது மடங்கு இருக்கும். நிழல், நல்ல தண்ணீர், ஐந்து வேளையும் மனித நடமாட்டம். ராஜாவாக இருக்கிறான்.

கடையில் ஆள் காத்திருப்பதால் முடிக்கிறேன். துஆ செய்யவும்.

ஷரஃபுதீன்


வாணியம்பாடி
5.9.2024

தம்பிக்கு ஸலாம். இங்கே சுகம். ரூஹிக்கு இது மூன்றாவது மாதம், அல்ஹம்துலில்லாஹ். ஜமீலாவிடம் மட்டும் சொல்.

சுல்தானுக்கு நல்ல இடம் கிடைத்தது என்று படித்ததும் மனசு லேசானது. யார் வீடு? அவர்கள் பெயர் என்ன? கையால்தான் தீனி போட வேண்டும் என்று சொன்னாயா? மேலிருந்து வீசினால் கோபித்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான். தபஸ்ஸுமை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல், வாஜித் காட்டுவான்.

அக்கா


மயிலாப்பூர்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மழை, கடையில் வேலை, எல்லாம் சேர்ந்துகொண்டது. ரூஹி நன்றாக இருக்கிறாளா? ஜமீலா தினமும் அவளுக்காக துஆ செய்கிறாள்.

கடல் தொட்டி கொஞ்சம் தொல்லை கொடுக்கிறது. நாலில் இரண்டு மீன் போய்விட்டது. மழை பெய்த பிறகு பிடித்த தண்ணீரில் ஆற்றுத் தண்ணீர் கலந்துவிட்டது போலிருக்கிறது. தினமும் உப்பை அளக்கிறேன், கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துத் துடைக்கத் துடைக்க வருகிறது. டாக்டர் வீட்டில் இதற்கென்றே மாதம் ஒருமுறை ஆள் வருகிறான், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடமிருந்தும் தகவல் இல்லை.

நம் தெருப் பள்ளிவாசலில் ஒரு விஷயம். ஹவுள் குளத்தில் இருந்த சின்ன மீன்களெல்லாம் போய்விட்டன. நீங்கள் வாஜித்தைத் தூக்கிக்கொண்டு வந்து பொரி போடுவீர்களே, அந்தக் கப்பி, தங்கமீன் எதுவும் இல்லை. படியைத் தேய்த்துக் கழுவுகிற தணிகாசலம் ப்ளீச்சிங் பவுடரை அதிகமாகப் போட்டுவிட்டார், அது ஹவுளுக்குள் இறங்கிவிட்டது என்கிறார்கள். பாவம், அவரும் அதற்குப் பிறகு வருவதில்லை. ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடி மாற்றிய பிறகும் முதல் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தவர். இப்போது படியெல்லாம் பாசி. நான் வீட்டிலேயே கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழப் போய்விடுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

ஷரஃபுதீன்


வாணியம்பாடி
4.11.2024

தம்பிக்கு ஸலாம். ரூஹிக்கு வாந்தி நின்றிருக்கிறது. எனக்குத் தலை சுற்றவில்லை, உன் கடிதம்தான் சுற்றவைக்கிறது.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சுல்தான் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. யார் வீடு என்று கேட்டேன், பதில் இல்லை. போட்டோ கேட்டேன், தபஸ்ஸும் அதைப் பற்றிக் கேள்விப்படவே இல்லை என்கிறாள். சின்ன வயதிலிருந்து ஹவுள் படியில் உட்காராமல் உனக்கு ஒளு ஆகாது. அப்பா வந்து காதைப் பிடித்து எழுப்பினால்தான் எழுந்திருப்பாய். முழங்கால் வலியா? இல்லை வேறு ஏதாவதா?

ஐந்து வேளையும் மனித நடமாட்டம் என்று நீதான் எழுதினாய். அந்தக் கடிதத்தை இன்றைக்கு மறுபடி எடுத்துப் படித்தேன்.

அக்கா


வாணியம்பாடி
16.12.2024

தம்பிக்கு ஸலாம். ஆறு வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால் எடுக்கிறாய், மழை பெய்கிறதா என்று கேட்கிறாய், வைத்துவிடுகிறாய்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இங்கே வந்தபோது வாஜித் "அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடம் இல்லைம்மா" என்றான். சரி என்றுவிட்டேன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உன் மச்சான் கை வைத்த மீனை விட்டுவிட்டு வந்தவள் நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் ஏதாவது இருந்தால் எழுது. கடிதத்தை நான் ஒருத்திதான் படிக்கிறேன்.

அக்கா


மயிலாப்பூர்
9.1.2025

அக்கா,

ஸலாம். உடம்பு சுகம். மற்றது எதுவும் சுகமில்லை.

நீங்கள் ஊகித்தது சரி. சுல்தான் ஹவுளில்தான் இருக்கிறான். ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியம் லுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, வாளியில் போட்டு மூடிக் கொண்டுபோய் விட்டேன். கெட்ட எண்ணம் இல்லை அக்கா. மக்கள் எத்தனையோ மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள், இதுவும் ஒன்று, பெரிய இடம், தினம் பார்க்கலாம் என்று நினைத்தேன். மீன் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு, ஆஸ்கார் சின்ன மீனைத் தின்னும் என்பது தெரியாதா? தெரியும். தொட்டியைக் காலி செய்கிற அவசரத்தில் அதை யோசிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஒவ்வொன்றாகக் குறைந்தது. செப்டம்பர் கடைசியில் ஒன்றும் இல்லை. சுல்தான் பகலில் நடுக் கல்லுக்கு அடியில் போய் நின்றுகொள்கிறான், யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நாள் ஒளு செய்யக் கையை விட்டேன். எங்கிருந்தோ நேராக வந்து என் விரலில் வாயை வைத்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டிலேயே ஒளு. என் கையைத் தண்ணீரில் வைத்தால் அவன் வந்து காட்டிக் கொடுத்துவிடுவான் என்ற பயம்.

இதுவரை எழுதியதைக்கூட யாரிடமாவது சொல்லிவிடலாம். இனிமேல் எழுதப்போவதைச் சொல்ல முடியவில்லை.

ப்ளீச்சிங் பவுடர் என்று சொல்கிறார்கள் என்று உங்களுக்கு எழுதினேன். சொன்னவன் நான். பள்ளிவாசல் செக்ரட்டரி பாய் என்னைக் கூப்பிட்டு, "ஷரஃபு, நீ மீன் தொட்டி செய்கிறவன், உனக்குத் தெரியும், என்னதான் ஆகியிருக்கும்?" என்று கேட்டார். ஜமாஅத்தில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தணிகாசலமும் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓரமாக நின்றிருந்தார். "பவுடர் கொஞ்சம் அதிகமாகியிருக்கலாம்" என்று என் வாயால் சொன்னேன். யாரும் அவரைத் திட்டவில்லை. அவராகவே, "நாந்தான் ஜாஸ்தி போட்டுகினேன் போலகீது சாமி, தெரியாம ஆயிப்போச்சு" என்றார். எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். மறுநாளிலிருந்து வரவில்லை. செக்ரட்டரி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வாய் இல்லாத ஜீவனைக் கொன்ற கையோடு பள்ளிக்குள் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டாராம்.

கடல் தொட்டியும் போய்விட்டது. கடைசி மீன் நவம்பரில் செத்தது. ஹாலில் காலித் தொட்டி நிற்கிறது.

நோன்புக்கு முன்னால், வருஷா வருஷம் செய்வதுபோல, ஹவுளை முழுக்க இறைப்பார்கள். அப்போது எப்படியும் தெரிந்துவிடும். சுல்தானை அதற்குள் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தகுதி இல்லை.

ஷரஃபுதீன்


வாணியம்பாடி
20.1.2025

தம்பிக்கு ஸலாம்.

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரூஹி என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை. உன் மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். நிறைய இருக்கிறது.

சுல்தான் பசிக்குத் தின்றான். உனக்கு என்ன பசி? பத்துப் பேர் முன்னால் உன்னை மீன் தெரிந்தவன் என்று சொன்னார்கள், அந்தப் பெயரை வைத்து ஓர் ஏழையின் தலையில் பழியைப் போட்டுவிட்டாய். மூன்று மாதத்துக்கு மேலாக அந்த மனிதர் தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்கிறார்.

சத்தமில்லாமல் பிடித்து வருகிற வேலை வேண்டாம். அப்படிச் செய்தால் எனக்கு இனி எழுதாதே. ஹவுளை இறைக்கும்போது தானாகத் தெரியட்டும் என்றும் காத்திருக்காதே. செக்ரட்டரியிடம் தனியாகப் போய் முணுமுணுப்பதும் போதாது. முதலில் பெரும்பாக்கத்துக்குப் போ. அவரிடம் சொல். அதற்குப் பிறகு அவரையும் வைத்துக்கொண்டு, நீ அன்றைக்குப் பேசிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்.

மாத்திரை போடு. பட்டினி கிடக்காதே. உனக்காக துஆ செய்கிறேன், அதை நிறுத்த முடியவில்லை.

அக்கா


மயிலாப்பூர்
24.2.2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் ஸலாம். எல்லாரும் சுகம். ரூஹிக்கு நாள் நெருங்குகிறதே, ஆஸ்பத்திரி பார்த்தாயிற்றா?

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ஜமீலாவிடம் முதலில் சொன்னேன். அவள் எனக்கு முன்னால் செருப்பை எடுத்து வைத்தாள்.

பெரும்பாக்கத்தில் பிளாக் பிளாக்காகத் தேடி, ஆறாவது மாடியில் கண்டுபிடித்தேன். தணிகாசலம் இப்போது ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற வேலைக்கு எங்கேயும் போவதில்லையாம். பவுடர் டப்பாவைத் தொடுவதே இல்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். டீயைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, "பாய், அன்னிக்கு ஒரு மீன்கூட மெதக்கல. பவுடர்ல செத்தா மெதக்கணும்ல? நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன். ஆனா நீ சொன்ன. நீ மீன்காரன், பொய் சொல்ல மாட்டனு என் கண்ண நம்பாம உன்ன நம்பிட்டேன்" என்றார்.

அக்கா, அவர் என்னை அடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லிக் கேட்டேன். "நான் இன்னாத்துக்கு? நீயே சொல்லிக்க" என்றுவிட்டார். ஆனால் ஜும்ஆவுக்கு முன்னால் நான் போனபோது, செருப்பு விடுகிற இடத்தில், வாட்ச்மேன் சட்டையோடு நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். ஹவுள் படியில் நாலு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்தேன். நெரிசலாக இருந்தது, செக்ரட்டரி பாய் எதிர்ப்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் தண்ணீரில் விட்டேன்.

வரவில்லை அக்கா. என்னை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். வெட்கம் கெட்டதனமாக, ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. "கைய எடுக்காத பாய்" என்றார் பின்னாலிருந்து தணிகாசலம். எடுக்கவில்லை. அப்போது நடுக் கல்லுக்கு அடியிலிருந்து வந்தான். முன்னைவிடப் பெரியவனாக இருக்கிறான். என் விரலில் வாயை வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்திலிருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். "இது என் மீன். மற்ற மீனையெல்லாம் தின்றது இதுதான். நான்தான் கொண்டுவந்து விட்டேன். தணிகாசலம் மேல் பழி போட்டதும் நான்தான்" என்று சொன்னேன். செக்ரட்டரி பாய் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஹவுளை இறைத்தார்கள். தணிகாசலம் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை, பம்போடு வந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அவரே உள்ளே இறங்கி, ஈரத் துணியில் சுல்தானைப் பிடித்து என் வாளியில் போட்டார். நான் பழக்கத்தில் மூடியை எடுத்தேன். "மூடாத பாய். அப்டியே தூக்கினு போ" என்றார்.

மூடவில்லை. பள்ளியிலிருந்து நம் வீட்டுக்கு இரண்டு தெரு. பால்காரர், இஸ்திரி போடுகிறவர், பள்ளிக்கு வருகிறவர்கள், பதினொரு பேர் வாளியை எட்டிப் பார்த்து இது எங்கே பிடித்தது பாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று முதலிலிருந்து சொன்னேன். வீடு போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது.

தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஓரத்தில் பூத்த உப்பு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சுல்தான் கல்லைத் துப்ப ஆரம்பித்துவிட்டான். ஹவுளில் புது மீன் விட வேண்டும். என்ன மீன் விடலாம் என்று செக்ரட்டரி பாய் இந்த முறை என்னைக் கேட்கவில்லை, தணிகாசலத்தைத்தான் கேட்டார்.

வாஜித்துக்கும் ரூஹிக்கும் என் ஸலாம். இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்கலாம்.

உங்கள் தம்பி,
ஷரஃபுதீன்